ஓர் அங்குலக் குறைச்சல்

தையல்கடை அண்ணன் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் ஒன்றே ஒன்றுதான்: தன் கை தப்பாது. தம்பியைப் பற்றியும் ஒன்றே ஒன்றுதான்: அவனுக்குக் கவனம் பத்தாது. இருபது வருஷமாக இந்த இரண்டையும் மனுஷர் மாற்றவேயில்லை. ஊராருக்கெல்லாம் ஆல்டர் செய்து கொடுப்பவர், இதில் மட்டும் ஒரு தையலைக்கூடப் பிரிக்க மாட்டார்.

தம்பி அப்படியில்லை. "நான் சில நாள் கெட்டிக்காரன், சில நாள் வடிகட்டின முட்டாள். இன்னைக்கு எந்த நாள்னு எனக்கே தெரியாதுண்ணே. அதான் ரெண்டு தடவை அளந்து பாக்கறேன்" என்பான். துணி போதாமல் போனால் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். தம்பி அதைத் திருப்பிப் போட்டு, குறுக்கே போட்டு, எப்படியாவது வழி கண்டுபிடித்துவிடுவான்.

"ஏதாவது ஒண்ணு சொல்லுடா. அதென்ன ரெண்டுங்கெட்டான் பேச்சு?" என்று அண்ணன் எரிந்து விழுவார்.

அண்ணன் வெட்டுவார், தம்பி தைப்பான். அளவு டேப்பின் தகட்டுமுனை கழன்று முதல் அங்குலம் நைந்துபோயிருந்தது. புதுசு வாங்க மனசு வராமல், அண்ணன் ஒன்றாம் கோட்டிலிருந்து பிடித்து, முடிவில் ஒன்று கூட்டிக்கொள்வார். நாற்பது வேண்டுமென்றால் நாற்பத்தொன்றில் சாக்பீஸ் கோடு.

அப்போதுதான் ஓர் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தைத்துக்கொடுத்த முப்பத்திரண்டு பேன்ட்டும் ஓர் அங்குலம் குட்டை என்று மூட்டையாகத் திரும்பி வந்தன.

"கால்மடிப்பை அதிகமா மடிச்சுத் தொலைச்சிருக்கே" என்றார் அண்ணன்.

"இருக்கலாம்ணே. வெட்டும்போதும் தவறியிருக்கலாம். ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துடுவோமா?"

"என் வெட்டையே சந்தேகப்படறியா?" கத்தரிக்கோலை மேஜைமேல் ஓங்கி வைத்தார்.

"பிரிச்சுப் பாத்தா என்னங்க குறைஞ்சுபோயிடும்?" என்று கேட்ட அண்ணன் மனைவிக்கும் ஒரு முறைப்புத்தான் கிடைத்தது. மூட்டையோடு வந்த ஆளிடம், தம்பியை வைத்துக்கொண்டே, "இவன் வேலைங்க இது. சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்" என்றார். தம்பி மூட்டையைத் தூக்கி அலமாரிமேல் வைத்தான். அந்த வாரக் கடைசியில் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அண்ணன் வேறு துணி வெட்டி, தானே தைத்துக் கொடுத்தனுப்பினார்.

எட்டு மாசம் கழித்து ஒரு வாடிக்கையாளர் வந்து கண்ணாடி முன்னால் நின்றார். பேன்ட் ஓர் அங்குலம் குட்டை. வெட்டியதும் அண்ணன், தைத்ததும் அண்ணன். பழி போட அடுத்த மிஷினில் ஆளில்லை. கால்மடிப்பைப் பிரித்துப் பார்த்தார், சரியாக இருந்தது. ஒன்றிலிருந்து பிடித்தவர், ஒன்று கூட்ட மறந்திருக்கிறார்.

அலமாரிமேல் கிடந்த ஆஸ்பத்திரி மூட்டையை இறக்கினார். முப்பத்திரண்டையும் பிரித்தார். ஒரு மடிப்புகூடப் பிசகியிருக்கவில்லை. அன்றைக்கு ஒரே மூச்சில் வெட்டியபோது அத்தனையிலும் அந்த ஒன்றைக் கூட்ட மறந்திருக்கிறார். பாவி, ஒன்றே ஒன்றை அன்றைக்குப் பிரித்திருக்கக் கூடாதா என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை தம்பி வேலை பார்க்கும் கிடங்குக்குப் போனார். அவன் அட்டைப்பெட்டிகளில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"தப்பு என்னோடதுடா. முப்பத்திரண்டும் என் வெட்டு. கடைக்கு வந்துடுடா, இனிமே நீ வெட்டு, நான் தைக்கிறேன்."

தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை. "அது ஏதோ ஒரு தடவைண்ணே. மத்தபடி நீ சொன்னது சரிதான். எனக்குக் கவனம் பத்தாது. ஊசியைக் கையில எடுக்கவே பயமா இருக்கு. இங்கே ஒட்டற வேலை. தப்பா ஒட்டினாலும் உரிச்சு ஒட்டிக்கலாம்."

"இல்லடா, நீ நல்ல வேலைக்காரன்டா. எத்தனை துணியைக் காப்பாத்தியிருக்கே!"

"அதெல்லாம் குருட்டாம்போக்குல நடந்ததுண்ணே."

அண்ணன் கெஞ்சினார். பழைய வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எதற்கும் அவன் மசியவில்லை. இப்படியொரு பிடிவாதத்தை அவனிடம் அவர் அதுவரை பார்த்ததே இல்லை.