பனி கொட்டிய தொட்டி

போலந்தில் சுவால்கி ஊருக்கு வடக்கே எங்கள் வடிசாலை. ரை தானியத்தில் வோட்கா காய்ச்சுகிறோம். காய்ச்சுவது என் கணவர் குஸ்தாவ், அடுப்பு என் பொறுப்பு. மாமனார் சாகும்போது செப்புக் கொப்பரையை இளையவரான குஸ்தாவுக்கும், மேட்டு நிலத்தையும் அங்கிருக்கும் ஊற்றையும் மூத்தவர் வின்சென்டிக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். எங்களுக்குத் தண்ணீர் அந்த ஊற்றிலிருந்துதான். புட்டியில் ஒட்டும் சீட்டில் குஸ்தாவ் தன் பெயரை மட்டும் அச்சடித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. இரண்டு வருஷமாயிற்று.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை காலை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. ஒரு தடவை காய்ச்சியதை மறுபடி காய்ச்சிக்கொண்டிருந்தோம். முதலில் வரும் கெட்ட சாராயத்தை விலக்கியாயிற்று. நல்லது நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. சாராய ஆவியைக் குளிரவைக்கும் செப்புச் சுருள், ஊற்றுத் தண்ணீர் ஓடும் மரத்தொட்டிக்குள் கிடக்கும். அதற்குள் குஸ்தாவ் கையை விட்டார். முகம் மாறிவிட்டது.

"லூத்கா, தண்ணி நின்னுபோச்சு."

சுருள் சூடேறினால் சாராயம் ஆவியாகவே அறைக்குள் வந்துவிடும். சுவருக்கு அந்தப் பக்கம் விறகு எரிகிறது. நான் ஓடிப்போய் அடுப்பின் காற்றுக் கதவை அடைத்தேன். எரிகிற கட்டையை வெளியே இழுக்கப் பயமாக இருந்தது. நடுக்கதவின் அடியில் ஈரச் சாக்கைத் திணித்தேன்.

"விசிறியப் போடட்டா?"

"சுவிட்சத் தொடாத! ஜன்னலத் தொற. தொறந்துட்டு அண்ணன்கிட்ட ஓடு."

அண்ணன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டே எத்தனையோ நாளாகியிருந்தது.

வின்சென்டி ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"தண்ணிய அடைச்சீங்களா அத்தான்?"

"என் ஊத்து, அடைச்சேன். வேணும்னா அவன் வந்து கேக்கட்டும். வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"கொப்பரை ஓடிக்கிட்டிருக்கு."

கத்தி நின்றது. "புதன்கிழமை நீங்க காய்ச்ச மாட்டீங்களே?"

"இந்த வாரம் காய்ச்சறோம்."

கோட்டுகூடப் போடாமல் ஓடினார். ஊற்றடியில் குழாயைத் திறந்தார். திறந்தும் ஒன்றும் ஓடவில்லை. அரைமணி நேரம் ஓட்டமில்லாமல் நின்றதில் தண்ணீர் உள்ளேயே உறைந்துவிட்டது. குழாயில் காதை வைத்துக் கேட்டவர், என்னைப் பார்க்காமலே சொன்னார். "உறைஞ்சிருச்சு."

நாங்கள் திரும்பியபோது வாசலிலேயே நெடி மூக்கில் ஏறியது. குஸ்தாவ் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, வெளியிலிருந்து பனியை வாளியில் அள்ளிவந்து தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். சாராயம் நூலாக விழுந்த இடத்தில் இப்போது பாதி ஆவிப்புகையாக வந்தது. வின்சென்டி முற்றத்து மண்வெட்டியை எடுத்தார்.

"இரும்பு வேணாம்! கல்லுல பட்டா பொறி பறக்கும்டா!" என்று குஸ்தாவ் அலறினார். அண்ணனை 'டா' போட்டது யார் காதிலும் விழவில்லை.

தானியம் அள்ளும் மரத்துடுப்பால் வின்சென்டி பனியை வாரினார். நான் வாளியில் சுமந்தேன். விழுந்த பனி விழுந்த இடத்தில் கரைந்தது. தொட்டிக்குள் பனியைத் துடுப்பால் அமுக்கும்போது கொதிக்கிற தண்ணீர் விளிம்பில் வழிந்து வின்சென்டியின் இரு கைகளிலும் கொட்டியது. அவர் துடுப்பை விடவில்லை. எனக்குத் தலை சுற்றியது. எந்த நிமிஷமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நெருப்பு வரும் என்று நினைத்தேன். கால் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

எத்தனை வாளி என்று தெரியாது. புகை மெலிந்தது. பிறகு சொட்டியது. பிறகு மறுபடி நூலாக விழுந்தது. அடுப்பில் கங்கு கறுத்துவிட்டதை நான் பார்த்து வந்து சொன்னதும் குஸ்தாவ் அண்ணனின் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"கொன்னிருப்ப! இவளையும் சேத்துக் கொன்னிருப்ப!"

"காய்ச்சறது தெரியாதுடா."

"கேட்டிருக்கலாம்ல?"

"யார்கிட்டடா கேப்பேன்? நீ எம் மூஞ்சிலயா முழிக்கிற?"

குஸ்தாவின் பிடி தளர்ந்தது. அப்போதுதான் அண்ணனின் கைகளைப் பார்த்தார். இரண்டிலும் தோல் வெந்து தொங்கியது. பனிக்குள் கையைத் திணிக்கப் போனவரைத் தடுத்து, வீட்டுக்குள் இழுத்துப்போய், பச்சைத் தண்ணீர் அண்டாவில் அவர் கைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எரியுதா?"

"எரியாம? நீ காய்ச்சற சரக்கு மாதிரி எரியுது."

குஸ்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

குழாய் உருக நான்கு நாள் ஆயிற்று. அன்றைய அவசரத்தில் நல்லதும் கெட்டதும் கலந்துபோன சாராயத்தை மறுபடி காய்ச்சினோம். கையில் கட்டோடு வின்சென்டி வந்து தொட்டியருகே உட்கார்ந்து, "அடுப்பு ஜாஸ்தி, கொறம்மா" என்று காலையிலிருந்து என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்.