பசைக் கை

கொதிக்கிற தண்ணீரில் மைதாவைக் கொட்டிய பிறகுதான் அது தப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. கரண்டியை எந்தப் பக்கம் சுழற்றினாலும் மாவு கோலிக்குண்டு கோலிக்குண்டாக உருண்டுகொண்டு வந்தது.

"மொதல்ல பச்சத் தண்ணில கரைக்கணும் மாமா," என்றான் அக்காவின் பையன். ஆறு வயது. சமையல் மேடையில் முகவாயை வைத்துக்கொண்டு பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா அப்படித்தான் செய்வாங்க."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாடா?"

"நீ கேக்கவே இல்லியே."

தரையில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருந்த பையனின் நாலு வயதுத் தங்கை சிரித்தாள். வாலு என்றுதான் வீட்டில் எல்லாரும் அவளைக் கூப்பிட்டார்கள்.

அவன் டைல்ஸ் ஒட்டுகிறவன். சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவான். பதினாறு வருடத்தில் ஒரு தரையும் அவனைக் கேலி செய்ததில்லை. இந்த ஒன்பது நாளாக இரண்டு பிள்ளைகள் அவனைப் படுத்திக்கொண்டிருந்தார்கள், இன்றைக்கு ஒரு மைதா பாக்கெட்டும் சேர்ந்துகொண்டது.

அக்கா படுத்திருந்த உள் அறையிலிருந்து நர்ஸ் வந்தாள். தினமும் காலையில் ஒரு தடவை வந்துபோகிறவள். தொட்டியில் கை கழுவிக்கொண்டே, பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"இன்னிக்குத் தாண்டாதுன்னு நெனைக்கிறேன். மூச்சுக்கு நடுவுல எடவெளி விழுது."

அவன் அடுப்பை அணைத்தான். "நான் என்ன பண்ணணும்?"

"பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஊசி போட்டிருக்கேன், வலி தெரியாது. பக்கத்துல இருங்க, போதும்."

"பசங்க?"

"அது நீங்க முடிவு பண்றதுதான்," என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போனவள் திரும்பி, "பசைய வடிகட்டுங்க. கட்டி போயிடும்," என்றாள்.

அவன் வடிகட்டினான்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடமாக ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தவள். எந்தக் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். கைக்குழந்தை என்றால் கூப்பிடு அவளை என்பார்களாம். தன் ரத்தத்தின் எண்களையும் முதலில் பார்த்தது அவள்தான். இயந்திரம் தாளைத் துப்பும்போது பக்கத்திலேயே நின்றிருந்தாள். அன்றைக்கு அவனுக்குப் போன் செய்து, "டேய், ஒரு நம்பர் சரியில்லடா," என்றாள், ஏதோ பஸ் மாறிப் போய்விட்டது போல. அதற்குப் பிறகு நான்கு மாதம்தான்.

கோடை விடுமுறை தொடங்கிய மறுநாள் மருத்துவமனையில், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். நீளமான விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவள் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு சரியாக எழுந்திருக்கவே இல்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவன் வந்தான். வந்த அன்றே அக்கா கூப்பிட்டுச் சொன்னாள்.

"பசங்கள அமத்தி வெக்காத. பக்கத்து வீட்டுக்கும் அனுப்பாத. எனக்குச் சத்தம் கேக்கணும்."

"உனக்குத் தொந்தரவா இருக்காதா?"

"சத்தம் இல்லன்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குடா."

வெளியே அனுப்பவும் வழியில்லை. பதினொரு மணிக்கெல்லாம் தெருவின் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. முதல் நாள் கூடத்தில் போர்வையால் கூடாரம் கட்டினான். நூல் பிடித்து, நான்கு மூலையும் மட்டம் பார்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் கட்டி முடித்ததும், "யாரும் தொடாதீங்க, கலைஞ்சிரும்," என்றான். பையன் நேராக உள்ளே போய்ப் புகார் செய்தான். அக்காவின் குரல் வந்தது, இருமலும் சிரிப்புமாக. "டேய், அது டைல்ஸ் இல்லடா. பெட்ஷீட்டு."

மறுநாள் துணி துவைக்கிற டப்பில் தண்ணீர் நிரப்பிக் காகிதக் கப்பல். அதற்கடுத்த நாள் ஈரப் பஞ்சில் பயறு. நான்காம் நாள் முழுக்கக் கண்ணாமூச்சி. ஒளிந்துகொள்ள அந்த வீட்டில் மூன்றே இடம். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் பிள்ளைகள் அம்மாவிடம் காட்ட ஓடுவார்கள். அதற்கு முன்னால் கை கழுவ வேண்டும். அது அக்கா போட்ட சட்டம். சிகிச்சையில் அவள் உடம்பில் எதிர்ப்புச் சக்தி இறங்கிப்போனபோது போட்டது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நிதானமாக இருபது வரை எண்ண வேண்டும். கழுவிய கையை விரித்துக் காட்டினால்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் விடுவாள். வாலுவுக்குப் பதிமூன்று வரைதான் ஒழுங்காக வரும். பிறகு பதினஞ்சு, இருபது என்று தாவிவிடுவாள். அண்ணன் விடமாட்டான்.

சாப்பாடு முடிந்த பிறகு கூடத்தில் பழைய செய்தித்தாளை விரித்தார்கள். ஒரு நீல பலூனை ஊதி, அதன்மேல் காகிதப் பட்டைகளைப் பசையில் தோய்த்து ஒட்டுவது என்று திட்டம். காய்ந்ததும் பலூனைக் குத்திவிட்டால் உருண்டை நிற்கும். பையன் அதைப் பூமி என்றான். வாலு யானைத் தலை என்றாள்.

"பூமிக்குத் தும்பிக்கை வெச்சிரலாம்," என்றான் அவன்.

"அப்படியெல்லாம் பூமி கெடையாது."

"இருந்தா நல்லாத்தான் இருக்கும். வெயில் காலத்துல தண்ணி அடிச்சுக்கலாம்ல."

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. உள்ளே ஆக்சிஜன் இயந்திரம் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கிய போதெல்லாம் அது மட்டும் கேட்டது. அதனால் அவன் மேலும் மேலும் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. மேஸ்திரி. "அந்த பாத்ரூம் பாதில நிக்குதுப்பா. வீட்டுக்காரம்மா தெனம் போன் பண்ணிக் கத்துது."

"வேற ஆளப் போட்டுக்குங்கண்ணே."

"அக்காவுக்கு எப்படி இருக்கு?"

"அப்படியேதாண்ணே இருக்கு."

போனை வைத்துவிட்டு அறை வாசலில் போய் நின்றான். அக்கா கண் மூடியிருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வருவதற்குள் அவன் தன்னுடையதை இரண்டு தடவை விட்டுவிட்டான். பிள்ளைகளை இப்போதே கூட்டி வந்து பார்க்க வைப்பதா, வாய் திறந்திருக்கிற இந்த முகத்தை அவர்கள் பார்க்காமல் இருப்பதே நல்லதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தானைப் பார்த்தான். நாள் முழுக்க பஸ்ஸுக்குள் ஊர்ப் பெயர்களைக் கத்தியே பழகிய மனிதர். இப்போது குரலே இல்லை.

"எங்கண்ணன் போன் பண்ணாரு," என்றார். "கெளம்பிட்டாராம். பசங்கள எங்கயாவது அனுப்பிடச் சொல்றாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கலாம்னேன்." பிறகு, "என்ன மாப்ள பண்றது?" என்றார்.

"அக்கா அனுப்பாதன்னா."

"அப்ப சரி," என்று மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றேகால் இருக்கும். பூமியில் பாதி மூடியிருந்தது. பிள்ளைகளுக்கு முழங்கை வரை பசை, அதன்மேல் ஒட்டிய காகிதத் துணுக்குகள். வாலுவின் நெற்றியில் ஒரு கார் விளம்பரத்தின் சக்கரம். அப்போது அத்தான் கதவு வரை ஓடி வந்தார்.

"மாப்ள, கண்ணத் தொறந்துட்டா. பசங்க எங்கன்னு கேக்குறா. கூட்டிட்டு வா."

சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். அவன் துள்ளி எழுந்தான். "வாங்க, வாங்க, அம்மா கூப்பிடுறாங்க. கை கழுவு, சீக்கிரம்."

அவன் சொல்லியிருக்கவே தேவையில்லை. சொல்வதற்கு முன்பே இருவரும் தொட்டிக்கு ஓடியிருந்தார்கள். வாலு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். குழாயில் தண்ணீர் சுடச்சுட வந்தது. பசை லேசில் போகவில்லை, வழவழவென்று கையிலேயே நின்றது. அவன் பின்னால் நின்று சோப்பைக் குழைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்து, இடுக்குகளைத் தேய்த்துவிட்டான். டைல்ஸ்களுக்கு நடுவே ஒரு பொட்டுச் சிமெண்டை விட்டுவிட்டு எழுந்திருக்க அவனால் முடிந்ததே இல்லை.

"...பன்னெண்டு, பதிமூணு, பதினஞ்சு, இருபது."

"தப்பு. மறுபடி எண்ணு," என்றான் அண்ணன்.

வாலு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். அவன் துண்டோடு நின்றுகொண்டிருந்தான். போதும் என்று அவன் சொல்லவில்லை. துண்டால் நான்கு கைகளையும் ஒற்றி, நெற்றியில் இருந்த சக்கரத்தையும் துடைத்து எடுத்தான். பிறகு மூவரும் உள்ளே போனார்கள்.

அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்பது நாளாக அந்தக் கட்டில் பக்கத்தில் அவர் நின்று அவன் பார்த்ததில்லை.

"இப்பதான்," என்றார். அவனைப் பார்த்து, "இப்பதான் மாப்ள."

அக்காவின் கண்கள் பாதி திறந்திருந்தன. மூக்குக் குழாயில் காற்று போய்க்கொண்டுதான் இருந்தது. பையன் கதவோடு நின்றுவிட்டான். வாலு வழக்கம்போலக் கட்டில் அருகே போய், இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

"கழுவிட்டேன்மா."

அவள் கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் அத்தான் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "சுத்தமா இருக்குடா," என்றார்.

இயந்திரத்தை யார் நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. அத்தானைக் கேட்கவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே போய் அமுக்கினான். வீடு இவ்வளவு நிசப்தமாக இருக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. தொட்டியில் குழாயைச் சரியாக மூடாமல் வந்திருப்பது அறைக்குள் வரை கேட்டது.

சிகிச்சையை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. நாள் எண்ணிக்கொண்டிருந்த அவளுக்கு அதற்குப் பிறகு எந்தக் கிருமியும் புதிதாக எந்தக் கெடுதலும் செய்திருக்க முடியாது. சட்டத்தை எடுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

டாக்டர் வந்து பார்த்துக் காகிதம் எழுதிக் கொடுத்தார். நர்ஸ் திரும்ப வந்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலிகள் வந்தன, நாற்காலிகளுக்குப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெண்கள் நான்கு பேர் வேலை உடுப்போடேயே வந்து சுவரோரம் நின்றார்கள். கூடத்தில் இடம் வேண்டியிருந்ததால் யாரோ செய்தித்தாள்களைச் சுருட்டி ஓரமாக வைத்தார்கள்.

அவன் பிள்ளைகளைச் சமையலறைக்குக் கூட்டிப் போய் ரொட்டியும் பாலும் கொடுத்தான். வாலு ரொட்டியின் ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றாள். பையன் தொடவே இல்லை.

"மாமா, நாங்க லேட்டா வந்தமா?"

"இல்லடா."

"எவ்வளவு நேரம் லேட்டு?"

"லேட்டெல்லாம் இல்ல. பால் ஆறுது பாரு, குடி."

"அவ தப்பா எண்ணினா. நான்தான் மறுபடி எண்ணச் சொன்னேன்."

அவன் பையனுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தான். சொல்வதற்கு எதையாவது தேடினான். நான்தான் கழுவச் சொன்னேன் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னால் பையன் அடுத்ததாக, ஏன் சொன்ன, என்று கேட்பான்.

"நான்தாண்டா கழுவச் சொன்னேன்," என்றான்.

பையன் கேட்கவில்லை. அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாலை எடுத்துக்கொண்டான்.

அத்தான் தண்ணீர் குடிக்க வந்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார். பிள்ளைகளுக்குக் கேட்காதபடி அவன் பக்கம் சாய்ந்தார்.

"நான் கூப்பிட்டு எவ்வளவு நேரம் இருக்கும் மாப்ள?"

"ரெண்டு நிமிஷம். கூடவும் இருக்கலாம் அத்தான்."

"எனக்கு ரொம்ப நேரமா தெரிஞ்சுது." டம்ளருக்குள் பார்த்தபடி சொன்னார். அவர் குரலில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. "வராங்க, வராங்கன்னு அவகிட்ட சொல்லிட்டே இருந்தேன். கதவத்தான் பாத்துட்டு இருந்தா."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

வெயில் தணிந்த நேரத்தில் அத்தானின் அண்ணன் வந்து சேர்ந்தார். வண்டிக்கு, பூவுக்கு, நாளைக் காலைக்கு என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். யாரோ கால்சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். வாலு.

"ஒண்ணுக்கு வருது."

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போனான். விளக்கைப் போட்டான். உள்ளே போனவள், கதவைச் சாத்து என்றாள். அவன் சாத்தினான்.

"நீ வெளியவே நில்லு."

"நிக்கிறேன்."

கூடத்தில் யாரோ மெதுவாக அழத் தொடங்கினார்கள். பிறகு நின்றது.

"மாமா, இருக்கியா?"

"இருக்கேன்."

"இருக்கியா?"

"இருக்கேண்டா."

"நீ எனக்குத் தெரியல."

அவன் கதவைப் பார்த்தான். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து இருந்தது. உள்ளிருந்து விளக்கு வெளிச்சம் ஒரு கோடாக வெளியே விழுந்துகொண்டிருந்தது. அவன், சிமெண்டில் வெடித்துப்போன வலது காலின் விரல்களை அந்தச் சந்துக்குள் நீட்டினான்.

"தெரியுதா?"

"ம்."

கூடத்திலிருந்து அத்தானின் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, இங்க கொஞ்சம் வரீங்களா? ஒரு கையெழுத்து வேணும்."

"மாமா, கால எடுக்காத."

"எடுக்கல," என்றான்.

மறுபடி கூப்பிட்டார்கள். அவன் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சந்துக்குள் இருந்த விரல்கள்மேல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது.