நல்ல மனுஷர் நைஜல்

வியாழக்கிழமை காலை எங்கள் தேவாலயக் கூடத்தில் ஊரின் வயதானவர்கள் காலுறையைக் கழற்றிவிட்டு, கையில் தேநீரோடு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நைஜல் பாத மருத்துவர், முறையாகப் பதிவு பெற்றவர். ஒவ்வொருவரின் பேரப்பிள்ளையையும் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்டே நகம் வெட்டுவார், தடித்த தோலைச் சீவுவார். ஒரு காலைச் சீவிய கத்தியைத் துணியில் துடைத்துவிட்டு அதே கத்தியோடு அடுத்த காலுக்குப் போவார்.

எல்லோரும் பார்த்தார்கள், யாரும் வாயைத் திறக்கவில்லை. சூப்பில் ஈ கிடந்தாலும் அருமையாக இருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிற ஜனம் இந்த இங்கிலாந்து டெவன் பக்கத்து ஜனம்.

ஓய்வுபெற்ற நர்ஸ் பெர்ல் மட்டும் மருத்துவப் பணியாளர்களைப் பதிவு செய்யும் குழுவிடம் புகார் கொடுத்தார். விசாரிக்க வந்தவர்கள், வரிசையில் பெர்லுக்குப் பக்கத்தில் உட்காரும் மேவிஸிடம் கேட்டபோது, அப்படி எதையும் பார்த்த நினைவில்லை என்று அவள் கூசாமல் சொன்னாள். வேறு சாட்சி கிடைக்காமல் புகார் செத்தது. மேவிஸ் நைஜலுக்கு ஆறுதலாக எலுமிச்சை கேக் செய்து கொடுத்தாள். பெர்லுக்குப் பக்கத்து நாற்காலியில் அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை.

மேவிஸின் கணவர் ஹெரால்டுக்குச் சர்க்கரை நோய். வசந்தத்தில் நைஜலின் கத்தி அவர் கால்விரலில் லேசாகக் கீறியது. வலியில்லாத காயம் என்பதால் அவரும் சொல்லவில்லை. விரல் கறுத்தது, சீழ் மேலே ஏறியது, கடைசியில் பாதி பாதத்தை வெட்டி எடுத்தார்கள். புல்வெளியில் பந்து உருட்டி விளையாடுவதுதான் அந்த மனிதருக்கு இருந்த ஒரே சந்தோஷம். அதுவும் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை காலை நைஜல் திராட்சைக் கொத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். ஹெரால்டு அவருக்கு நன்றி வேறு சொன்னார். மேவிஸின் முகம் மாறுவதைப் பார்த்து அவள் கையைப் பிடித்தார்.

"விடு மேவிஸ். வேணும்னேவா பண்ணாரு? நல்ல மனுஷன்."

நைஜல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நான் கிளம்பறேன். அங்க எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

அதே கத்தி. அதே துணி.

மேவிஸ் நேராக பெர்லின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். இருவரும் கூடத்துக்குள் நுழைந்தபோது நைஜல் முதல் காலை மடியில் எடுத்து வைத்திருந்தார். நடுக்கூடத்தில் நின்று மேவிஸ் சொன்னாள்:

"எல்லாரும் ஷூவ மாட்டுங்க."

மேவிஸுக்கு உடம்பு சரியில்லையா என்று நைஜல் கனிவாக விசாரித்தார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க நல்லவர்தான் நைஜல். அதனாலதான் அன்னைக்கு நான் பொய் சொன்னேன். என் புருஷன் கால் போச்சு." அவள் வரிசையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "பதிவுன்னு ஒண்ணு வெச்சிருக்கறது, கத்தி சுத்தமா இருக்கான்னு பார்க்க. ஆளு இனிமையானவரான்னு பார்க்கறதுக்கில்ல. கண்ணால பார்த்துட்டு மரியாதைக்காக வாயை மூடினா, அடுத்தவன் காலை நாமளே வெட்டக் கொடுக்கறோம். நான் கொடுத்தேன். இன்னைக்கே பெர்லோட சேர்ந்து சாட்சி சொல்லப் போறேன். இன்னும் யாரு பார்த்தீங்க?"

நைஜலின் மடியில் இருந்த கால் மெல்லக் கீழே இறங்கியது.

"நானும் பார்த்தேன்" என்றார் அந்தக் காலுக்குரியவர்.