காபி டப்பாவில் இரண்டு போல்ட்டுகள்

1

இந்தக் கதை ஒரு காபி டப்பாவிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தாய்மி தன் சமையலறை ஜன்னலோரம் துணிக் கிளிப்புகள் போட்டுவைத்திருக்கும் சிவப்பு டப்பா. அதைக் காட்டி, "நீங்கதான் கதை எழுதுறவராச்சே, இது எப்படி முடியும்னு முன்னாடியே சொல்லிடுங்க" என்றாள். வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவனிடம் அப்படிக் கேட்டால் அவன் சும்மா இருப்பானா?

முதல் தொடக்கம் இப்படி:

'பனி மூடிய காட்டில் வெடிச் சத்தம் கேட்டது. ஆர்வோ தன் வலது கண்ணை...'

(அடித்துவிட்டேன். முதல் வரியிலேயே ரத்தம் வைத்தால் வாசகர் வேறு பக்கத்துக்குத் தாவ மாட்டார், உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் என் பக்கத்து வீட்டில் இருக்கிறான். கடையிலிருந்து ஆரம்பிக்கலாம்.)

2

மிச்சிகனின் வடகோடி. காகித ஆலை மூடிய வருஷம். எங்கள் ஊரில் நவம்பரில் ஒரு மான் விழுந்தால் பனி உருகும்வரை கறிக்குக் கவலையில்லை. விழாவிட்டால் கவலைதான். தாய்மியின் கணவன் ஆர்வோ தன் நல்ல துப்பாக்கியைக் கோடையிலேயே விற்றுவிட்டான். சோவியத் உடைந்து, அதன் கிடங்குகளில் கிடந்த ராணுவத் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த நேரம் அது. ஹில்மரின் இரும்புக் கடையில் அவற்றைப் பீப்பாயில் குடை மாதிரி செருகி வைத்திருந்தார்கள்.

ஆர்வோவோடு மச்சான் வெய்க்கோவும் வந்தான். தாய்மியின் அண்ணன். ஊரிலேயே சத்தமாகப் பேசுகிறவன்.

ஆர்வோவுக்கு ஆசை சுவீடன்காரர்கள் செய்த துப்பாக்கி மேல். குறி தப்பாது, உதையும் குறைவு. விலையைப் பார்த்துக் கீழே வைத்தான். பிரிட்டிஷ் துப்பாக்கி கையில் நன்றாகத்தான் உட்கார்ந்தது, தோட்டாதான் எங்கள் பக்கத்தில் கிடைக்காது. மிஞ்சியது பீப்பாய். ரஷ்யத் துப்பாக்கி. ஆள் உயரம், கிரீஸ் நாற்றம், தோளைக் கழற்றும் உதை. ஆனால் மலிவு.

வெய்க்கோ அதைத் தூக்கிப் பிடித்துச் சொன்னானாம்: "பின்லாந்துச் சண்டையில எங்க தாத்தாவச் சுட வந்த சனியன் இது. இப்ப எனக்கு மான் அடிச்சுக் குடுத்துப் பாவத்தைக் கழிக்கட்டும்." இருவரும் ஒரே மாதிரி வாங்கினால் தோட்டாவைப் பெட்டியோடு வாங்கிப் பங்கு போடலாம் என்ற யோசனையும் அவனுடையதுதான். நல்ல யோசனை. (இங்கே ஒரு வரி எழுதி அடித்தேன்: 'அந்த யோசனைதான் பின்னால்...' வேண்டாம். அப்போது அது நல்ல யோசனைதான்.)

ஹில்மர் ஒன்றே ஒன்று சொன்னார். துப்பாக்கியின் பின்புறம் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டு உண்டு. போல்ட் என்பார்கள். அதில் பொறித்த எண்ணும் துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்கவேண்டும்.

"இல்லாட்டி அடுத்தவன் பல்செட்டை மாட்டிக்கிட்டு எலும்பு கடிச்ச கதைதான். சில பேருக்குச் சரியா உக்காரும். சில பேருக்கு வாய் கிழியும்."

ஆர்வோ பீப்பாயைக் காலி செய்து, தரையில் பரப்பி, எண் பொருந்திய இரண்டைப் பொறுக்கினான். ஒன்று தனக்கு, ஒன்று மச்சானுக்கு. ஊருக்கு வெளியே ஜல்லிக் குழியில் காகிதத் தட்டுகளை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். இரண்டும் நன்றாகவே சுட்டன.

3

டப்பாவைப் பற்றி. (இதைக் கதைக்கு அடியில் சின்ன எழுத்தில் போடலாம் என்று நினைத்தேன். ஆனால் சின்ன எழுத்தை யாரும் படிப்பதில்லை.)

தாய்மியின் அப்பா காட்டில் கட்டிய வேட்டைக் குடிசையில் ஒரு சட்டம். வாசலில் நுழைகிறவன் தன் போல்ட்டைக் கழற்றிக் கதவருகே உள்ள காபி டப்பாவில் போடவேண்டும். அதற்குப் பிறகுதான் குடிக்கலாம், சீட்டாடலாம், சண்டை போடலாம். அவருடைய தம்பி குடிவெறியில் யாரோ சுட்டதில் அந்தக் குடிசையிலேயே செத்தவர். அதற்குப் பின் வந்த சட்டம் அது. டப்பா வந்தபின் அங்கே ஒரு உயிர் போனதில்லை.

காலையில் விளக்கு ஏற்றாமல் கையை விட்டு அவரவருடையதை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் ஒவ்வொரு ஜாதி. ஒருவனுடையது இன்னொருவனுடையதில் நுழையவே நுழையாது. தப்பு நடக்க வழியே இல்லை.

அந்த வருஷம்வரை.

4

வேட்டையின் முதல் நாள் வெய்க்கோ முதலில் எழுந்தான், எப்போதும் போல. டப்பாவில் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். மீதி இருந்ததை ஆர்வோ எடுத்தான். விடிந்ததும் ஒரு மான் வந்தது. ஆர்வோ சுட்டான். தோட்டாவின் பித்தளைக் கூடு உள்ளேயே கிழிந்து, நெருப்பு பின்பக்கமாக வந்தது.

வெய்க்கோதான் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். மருத்துவமனைக்கு வண்டி ஓட்டியவனும் அவன்தான். அன்றைக்கு மட்டும் யாரும் டப்பாவில் எதையும் போடவில்லை. இரண்டு துப்பாக்கிகளையும், போல்ட் உள்ளே இருந்தது இருந்தபடியே, தாய்மி ஒரு கம்பளியில் சுற்றி, கயிறு கட்டி, நிலவறையில் வைத்தாள். அவள் போட்ட முடிச்சு ஒரு வருஷமாக அவிழவில்லை. குடிசையின் டப்பா அவள் சமையலறை ஜன்னலோரத்துக்கு வந்தது.

5

வெய்க்கோ எனக்குச் சரியாக வரவில்லை. முதல் பிரதியில் அலட்சியக்காரனாக இருந்தான். அடுத்ததில் ரொம்ப நல்லவன். அந்த ஒரு வருஷத்தில் இவர்கள் வீட்டுக்கு விறகு பிளந்து போட்டான், இரவல் துப்பாக்கியால் தான் அடித்த கறியில் பாதியைக் கொண்டுவந்தான், ஆர்வோவை டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தான். பேச்சுதான் நின்றுவிட்டது. வாயாடி ஒருவன் மௌனமானால் எழுத்தாளனுக்கு லாபம். தாய்மிக்கு அது பயமாக இருந்தது.

அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: எண்கள் மாறியிருந்தால் கண்ணைப் பறித்தது அண்ணனின் கை. மாறாவிட்டால் பழைய இரும்பின் குற்றம், அதைப் பொறுக்கியெடுத்த ஆர்வோவின் குற்றம். "ரெண்டுல எதுவா இருந்தாலும் பொறுத்துக்குவேன். தெரியாமதான் அவன் கொண்டாந்த கறியை முழுங்க முடியல."

இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன்.

அ) எண்கள் மாறியிருக்கின்றன. வெய்க்கோ எழுந்து கதவைச் சாத்தாமலே போகிறான். அதற்குப் பிறகு அவனை...

ஆ) எண்கள் பொருந்துகின்றன. எல்லோரும் அழுகிறார்கள். (பத்திரிகைக்கு இதுதான் பிடிக்கும்.)

6

நடந்தது இது. நவம்பர், சனிக்கிழமை மத்தியானம். சாட்சிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். மூட்டை மேசையில் இருந்தது. வெய்க்கோ தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தாய்மி முடிச்சை அவிழ்த்தாள்.

"நீயே பாருண்ணா."

"என்னால ஆகாது. மாப்ள பாக்கட்டும்."

ஆர்வோ இரண்டு துப்பாக்கிகளையும் தன் பக்கம் இழுத்தான். முதல் போல்ட்டைக் கழற்றினான். தன்னுடையது பலமாக இறுகியிருந்தது, உள்ளங்கையால் தட்டித்தான் எடுத்தான். எண்ணைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் அதன்மேல் மெல்லத் தடவினான், துப்பாக்கியில் பொறித்ததையும் தடவினான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்து முகத்தில் இப்போது எதுவும் தெரிவதில்லை.

பிறகு ஜன்னலோரத்து டப்பாவை எடுத்துத் துணிக் கிளிப்புகளை மேசையில் கவிழ்த்தான். இரண்டு போல்ட்டுகளையும் உள்ளே போட்டுக் குலுக்கினான்.

எது எந்தத் துப்பாக்கியில் இருந்தது என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அதோடு போயிற்று.

"என்ன காரியம் பண்ணின?" என்றாள் தாய்மி.

"குடிசைச் சட்டம். உள்ள வந்தா டப்பாவுல போடணும்."

"பொருந்துச்சா இல்லியா, அதச் சொல்லு."

"பொருந்துச்சு."

வெய்க்கோ தலையைத் தூக்கவில்லை. "சத்தியமா, மாப்ள?"

"காபி ஆறுது மச்சான், குடி."

7

தாய்மி என்னைப் பார்த்தாள். ஆர்வோ கழற்றியபோது நான் அவனுக்கு நேர் பின்னால் நின்றிருந்தேன். எண்கள் எனக்குத் தெரிந்திருக்க முடியும். தெரிந்ததா என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

அன்று வெய்க்கோ கொண்டுவந்த கறி அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. தாய்மி நான்கு தட்டுகளில் பரிமாறினாள். தன் தட்டின் முன் உட்கார்ந்து முள்கரண்டியைக் கையில் எடுத்தாள்.

என் கதை இங்கே நிற்கிறது, முள்கரண்டி அவள் கையில் இருக்கும்போதே. டப்பாவை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். விளக்கு இல்லை. உள்ளே இரண்டு கிடக்கின்றன, தொட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையை விடுங்கள்.