மண்தின்னிகள் நிரப்பிய வளவு

கிண்ணியாவில் ஸைனுலாப்தீனுடைய பின்வளவுப் பள்ளத்தை நிரப்பியவை தொட்டி மீன்கள். டீசலுக்கு வரிசையில் நின்ற வருஷம் அது. மண் ஏற்றும் ட்ரக்டர்கள் நின்ற இடத்திலேயே துருப்பிடித்தன, தேங்காய் விலை ஏறியது, மீன்கள் மண் துப்பின.

ஊர் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வந்து குடியேறுவார். மகள் பிறந்த அன்றைக்கே தகப்பனின் தலைக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடும். ஸைனுலாப்தீன் தன் வீட்டை மூத்தவள் றிஷானாவுக்குக் கொடுத்துவிட்டார். இளையவள் ஷிஃபானாவுக்கு மிஞ்சியது பின்வளவு. அதுவோ எந்தக் காலத்திலோ செங்கல்லுக்குக் களி வெட்டிய பள்ளம், மாரியில் இடுப்பளவு தண்ணீர், மற்ற நாளெல்லாம் தவளை. ஷிஃபானாவுக்கு, திருகோணமலை டவுனில் வளர்ப்புமீன் கடை வைத்திருந்த ஹஸ்மியைப் பிடித்திருந்தது. அவனுக்கும் அப்படியே. வாடகை வீட்டில் இருப்போம் என்று அவன் சொல்லியனுப்பியபோது ஸைனுலாப்தீனின் முகம் கறுத்துவிட்டது. “என்ட புள்ள வாடகை ஊட்டுக்குப் போறதா? அது நான் மௌத்தான பொறகு நடக்கட்டும்” என்றார். அத்தோடு கல்யாணப் பேச்சு நின்றது.

பேச்சு நின்றாலும் மீன் வருவது நிற்கவில்லை. ஹஸ்மி முதலில் சிவப்புத்தலையை அனுப்பினான், பிறகு முத்துப்புள்ளியை, கடைசியாகப் பேய்முகத்தை. மூன்றும் மண்தின்னி இனம். வாய் நிறைய மணலை அள்ளி, இரையைச் சலித்தெடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் செவுள்வழியே விட்டுவிடும். ஷிஃபானா ஆற்றுமணலைத் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் கழுவிப் போட்டாள். அவள் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காத தகப்பன், மண் தின்கிற மீனுக்கு மணலென்ன களியென்ன என்று, அவள் வீட்டில் இல்லாத நேரம் பள்ளத்துச் சேற்றில் ஒரு கை அள்ளித் தொட்டிக்குள் போட்டார். விஷயம் தெரியாமல் செய்த வேலைதான். விடிந்தபோது தொட்டி விளிம்புவரை மண்ணாக இருந்தது. மீன்கள் அதன்மேல் நான்கு விரல் தண்ணீரில் சந்தோஷமாக நின்றன. வாரி எடுத்தார்கள். மறுநாளும் நிறைந்திருந்தது.

பேய்முகம் துப்பியது கருங்களி, முத்துப்புள்ளி துப்பியது வெள்ளைமணல், சிவப்புத்தலை துப்பியது அசல் கிறவல், வீட்டு நிலத்துக்குப் போடுகிற அதே செஞ்சரளை மண். ஸைனுலாப்தீன் வாய் பிளந்து நிற்க, அவருடைய மனைவி நஜ்முன் நிஸா மண் அள்ளப் பேசின் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். “இஞ்ச பாருங்க, வகை பிரிச்சில்லுவா துப்புது. இன்னும் என்ன பாத்துட்டு நிக்கிறீங்க?” அன்று முதல் விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்ததும் தொட்டியை வாரிப் பள்ளத்தில் கொட்டுவதுதான் அவருக்கு வேலை. அடியில் களி, நடுவில் மணல், மேலே கிறவல். அடுத்த மாரியில் நிரப்பிய இடத்தில் தண்ணீர் தேங்கவில்லை. லிங்கநகரிலிருந்து வந்த மேசன் யோகலிங்கம் காலால் உதைத்துப் பார்த்தார்.

“நல்ல இறுக்கம், நானா. கிறவல் எங்கயிருந்து எடுத்தனீங்கள்?”

“மீன்டதான்.”

“ஓம், அப்ப நாளைக்கே குறி போடுவம்” என்று சொல்லி நூலை எடுத்தார்.

வீடு எழும்பியது. ஹஸ்மி இரண்டு பெட்டி உடுப்போடும் ஒரு காற்று மோட்டாரோடும் மாப்பிள்ளையாக வந்து குடியேறினான். ஷிஃபானாவின் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மீன்தொட்டியும் அவளோடு புதுவீட்டுக்குப் போனது. நிக்காஹ் அன்றோடு மீன்கள் துப்புவதை நிறுத்திவிட்டன. சாம்பல்தீவிலிருந்து கூடப் பள்ளக் காணிக்காரர்கள் வந்து இரவல் கேட்டுக் கொண்டுபோனார்கள். அங்கே அவை மற்ற மீன்களைப்போல இரை தின்றுவிட்டுச் சும்மா இருந்து, பழைய தொட்டிக்கே திரும்பி வந்தன. ஒரு வீட்டளவு நிரம்பியது போதுமென்று ஸைனுலாப்தீனும் விட்டுவிட்டார். வேலிப்பக்கம் மிஞ்சிய பள்ளத்தில் தவளைகள் பழையபடி கத்தின.

போன வருஷம் ஷிஃபானாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது. ஸைனுலாப்தீன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பேத்தியின் காதில் பாங்கு சொல்லிவிட்டு, மகளின் உடுப்பு எடுப்பதற்காகப் புதுவீட்டுக்கு வந்தார். தொட்டி விளிம்புவரை கிறவல் நிறைந்திருந்தது. சிவப்புத்தலை அதன்மேல் நின்று அவரையே பார்த்தது. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பேசினைத் தேடினார்.