நடக்கிற மாவுப்பூச்சி

செம்பருத்திச் செடி முழுக்க மாவுப்பூச்சி அப்பிக்கிடந்தது. மருந்தடிக்க மறுநாள் பத்து மணிக்கு ஆளை வரச் சொல்லிவிட்டார் கணவர்.

அன்று மதியம் துணி எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன். ஒட்டிக்கிடந்த வெள்ளைகளின் நடுவே ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதே மாவு, அதே நிறம்; ஆனால் உடம்பைச் சுற்றிய மெழுகுத் திரிகள் நீளம், நடையில் அவசரம். உட்கார்ந்த இடத்திலேயே சாறு குடிக்கிற பூச்சிக்கு என்ன அவசரம்?

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள் நான். ஆயிரம் அணுக்களில் ஒன்று மாறியிருந்தால் கண் தானாகப் போய் அங்கே நிற்கும்.

"இது வேற பூச்சிங்க."

"எல்லாம் ஒரே கும்பல்தான். உனக்கு மட்டும் தனியா வந்து வணக்கம் வச்சுதா?"

சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்ததற்காக என்மேலேயே கோபம் வந்தது.

இரண்டு கண்ணாடி பாட்டில்களில் தலா ஒரு கிளைத் துண்டு, பன்னிரண்டு குட்டி மாவுப்பூச்சிகள் போட்டேன். ஒன்றில் மட்டும் அந்த நடக்கிற பூச்சியையும் சேர்த்து விட்டேன். வாயைத் துணியால் கட்டினேன். செல்போனில் படங்களைப் பார்த்துப் பார்த்து, உருப்பெருக்கி வைத்துக் கால், வால், திரி என்று ஒப்பிட்டேன்.

காலையில் ஒரு பாட்டிலில் பன்னிரண்டு. நடக்கிறது இருந்ததில் ஐந்து.

வெளியே மருந்துக்காரர் வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பரிசோதனைக் கூடத்தில் என் முடிவுக்குக் கீழே மருத்துவர் கையெழுத்துப் போடுவார். இங்கே கையெழுத்துப் போட யாரும் இல்லை. தவறென்றால் செடி போய்விடும். சரியென்றால், இப்போதே போய் நான்தான் தடுக்க வேண்டும். அதுதான் அதிகம் பயமாயிருந்தது.

"அண்ணே, மருந்தைக் கலக்காதீங்க!"

நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே வந்தது. உருப்பெருக்கியை அவர் கையில் கொடுத்துப் பாட்டிலை நீட்டினேன்.

"அட, தன் ஆளையே திங்குதேம்மா!"

"அதோட ஆளே இல்லண்ணே, வேஷம். இது ஒரு பொறிவண்டோட புழு. மருந்தடிச்சா ரெண்டும் சாகும். மாவுப்பூச்சி சீக்கிரமே திரும்பி வந்துடும், இது வராது."

கணவர் உருப்பெருக்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"செடியில இன்னும் இருக்கா?"

"நீங்களே எண்ணுங்க."

பத்தொன்பது வரை எண்ணினார். இருபதாவதை நான் காட்டினேன்.

"சரி, உன் பட்டாளம் இருக்கட்டும்" என்றார்.

மருந்துக்காரர் வாளித் தண்ணீரைச் செடிக்கே ஊற்றினார். குழாயைச் சுருட்டியவர் தயங்கி நின்றார்.

"பின்தெருவுல ஒரு கொய்யா, இதே மாதிரி வெள்ளையா இருக்கும்மா. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துச் சொல்றீங்களா?"

செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"ஏய், அடுப்புல குக்கர்?"

"மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்றேன், வாசலைத் தாண்டியபடியே.