வியாழக்கிழமைக் கோபம்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ஆசிரியர் இருந்தார். அவர் மொத்தம் ஐந்து பேர்.

தொலைதூரக் கல்வியில் அதுதான் வழக்கம். பாடம் எழுதும் கை அப்துல் வகாப். பதிவு செய்யும் குரல் ரெஜினா. பாராட்டு சம்பந்தம். கோபம் இருதயராஜ். பொறுமை நான். கோபத்துக்கு ஆள் பற்றாக்குறை என்பதால் இருதயராஜை மூன்று ஆசிரியர்களுக்குப் பகிர்ந்துவிட்டார்கள். எங்களுக்குச் செவ்வாய் மட்டும்.

சுடலைவடிவு வந்தது வியாழக்கிழமை. சங்கரன்கோவில் பக்கம் அங்கன்வாடியில் சமையல், எங்களிடம் பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. கையில் படிப்பை நிறுத்தும் விண்ணப்பம் இருந்தது.

"எங்க சாரைப் பாக்கணும்."

நாங்கள் நால்வரும் எழுந்து நெருங்கி நின்றோம்.

"வணக்கம் சார். நடுவுல கொஞ்சம் எடம் காலியா இருக்கே?"

"கோபம். இன்னிக்கு வேற சாருக்குப் போயிருக்கு" என்றேன்.

அவர் முகம் வாடி, நாற்காலியில் உட்கார்ந்தார். "அதுக்குத்தான் சார் வந்தேன். மூணு வருஷமா என்ன எழுதினாலும் 'நன்று'. போன தடவை வெறும் தாளை அனுப்பினேன். அதுக்கும் 'நன்று, தொடர்க'. எம்மேல அக்கறை இருந்தா ஒரு தடவையாவது திட்டியிருப்பீங்கள்ல?"

சம்பந்தம் தலைகுனிந்தார். அவர் உறையைப் பார்த்தே பாராட்டுவார். உறை பிரிப்பது வேறு பிரிவு.

"செவ்வாய்க்கிழமை வரலாமே?" என்றேன்.

"லீவு கிடைக்காது சார். இன்னிக்கு ஒரு வசவு வாங்கலைன்னா இதைக் கொடுத்துட்டுப் போயிருவேன்."

நான் திட்டிப் பார்த்தேன். "மெதுவாப் படிங்க, அவசரமில்ல" என்றுதான் வந்தது.

"நல்லா திட்டுனீங்க" என்றார் சம்பந்தம்.

சுடலைவடிவு எழுந்தேவிட்டார். "நாலு பேரு மலையாட்டம் நிக்கீக, ஒருத்தருக்கும் சுள்ளுனு வரலையா? மிளகா போடாமலா உங்க வீட்ல கொழம்பு எறக்குதாக?"

"செவ்வாய்க்கிழமைக் கோபத்தைவிட நல்லா இருக்கு" என்று ரெஜினா என் காதில் சொன்னார்.

நான் வருகைப் பதிவேட்டை நீட்டினேன். 'கோபம்' என்ற கட்டத்தில் சுடலைவடிவு கையெழுத்துப் போட்டார். மேசையைச் சுற்றி எங்கள் பக்கம் வந்து, காலி இடத்தில் நின்று, மேசையில் கிடந்த தன் பழைய விடைத்தாளை விரித்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரன் வந்தான், துணி வாங்கினான், போனான்னு எழுதியிருக்கே. அவன் என்ன ஆடித் தள்ளுபடிக்கா வந்தான்? வெறும் தாளை வேற அனுப்புதியோ? இவ்வளவு புத்தி இருக்க பிள்ளைக்குப் படிப்பை நிறுத்த என்ன கேடு?"

விண்ணப்பம் நான்காகக் கிழிந்தது. சம்பந்தம் வாயைத் திறந்தார். கோபம் ஒரு பார்வை பார்த்தது. மூடிக்கொண்டார்.

நாற்காலியில் இருந்த மாணவிக்குக் கண் கலங்கிவிட்டது. "அடுத்த மாசம் ஒழுங்கா எழுதுதேன் டீச்சர்" என்றார். முகம் மட்டும் தெளிந்திருந்தது.

நாலு மணிக்கு மாணவி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். கோபம் இருந்து ஒரு டீ குடித்தது. ஒரே பஸ்ஸில் போனால் அந்தப் பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, ரயில் நிலையத்தின் பக்கம் நடந்தது.